கூண்டும் அன்பும்

பிறந்த மண்ணை விட்டு வந்த நம்மவர் இல்லங்கள் சிலவற்றின் முகப்பில் கிளிக்கூண்டு தொங்கக் காண்கிறோம். தமிழ் பேசக் கற்ற அக்கிளி ஊர் நினைவுக்கு ஒரு துணை, ஐயமில்லை. ஆயினும், அன்பு செலுத்துவதனாலேயே ஓர் உயிர் நமக்கு உடைமையாகிவிடுமா?

ஆகாது என்கிறது சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுச் செந்தார்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். மரப்பொந்தினின்று குஞ்சாகக் கவரப்பட்டே அது பெரும்பாலும் சந்தைக்கு வருகிறது. பிறர் கவர்ந்ததை நாம் வாங்கினோம் எனல் விடையாகாது. வாங்குவோர் உளராதலின் அன்றோ கவர்வோரும் உளர்? அதன் எச்சம் உலர்ந்த தூசியால் மனிதருக்கு நுரையீரல் நோய் பரவுவதும் உண்டு.

பாலும் பழமும் தருகிறோமே என்பர். நாமும் ஊர் நீங்கியவர்களே, ஆனால் பிழைப்பு நாடி நாமே வந்தோம், விடுமுறையில் திரும்புகிறோம். அவ்விரண்டும் அதற்கு இல்லை.

கூண்டிலேயே வளர்ந்ததைத் திடீரெனத் திறந்துவிடுதலும் அறமன்று. இரை தேடவும் பகை அறியவும் அது கற்றதில்லை. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் திருக்கரத்துக் கிளி, நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுகிறது. கிளியின்பால் கொண்ட அன்பிற்குக் கூண்டு வேண்டுவதில்லை என்பதற்கு அதுவே சான்று.