பேகன் நூல்களும் நம் வீட்டுச் சாமிகளும்
ஆன்மிகக் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி தன்னைப் ‘பேகன்’ என்று சொல்கிறாள். பௌர்ணமிக்குப் பூசை செய்கிறாளாம், தேவியைக் கும்பிடுகிறாளாம். இரண்டு பேரும் நூலகத்துக்குப் போய் நாலைந்து புத்தகம் எடுத்துவந்து, சாமியறைக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறார்கள். அட்டையிலேயே சூனியக்காரி என்று போட்டிருக்கிறது. எனக்கு மனம் பதறுகிறது. தடுக்கலாமா?
– வாசகி, கர்க்லாண்ட்

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. புத்தகத்தால் வீட்டுக்குத் தீட்டு வராது. சரஸ்வதி பூசையன்று பிள்ளையின் கணக்குப் புத்தகத்துக்கும் பிரெஞ்சு இலக்கணத்துக்கும் சேர்த்துத்தான் சந்தனம் வைக்கிறோம். எந்தச் சமயத்துப் புத்தகம் என்று பார்த்து அன்று யாரும் பிரித்து வைப்பதில்லை.

நீங்கள் பயப்படுவது பிறருக்குக் கேடு செய்கிற செய்வினையை நினைத்து. அந்தப் பிள்ளை சொல்வது அதுவல்ல. கிறிஸ்தவம் பரவுவதற்கு முன் ஐரோப்பாவில் மக்கள் வணங்கிய தெய்வங்களை மறுபடி வணங்க முயல்கிறவர்கள் தங்களைப் பேகன் என்கிறார்கள். அதில் பல பிரிவுகள் உண்டு. ‘விக்கா’ என்ற பிரிவு ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயரால் வெளியே தெரிய வந்தது. இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீங்கியது. கார்ட்னரின் முக்கியமான நூல் அதன் பின் 1954இல் வந்தது. தேவி, தேவன் இருவரையும் வணங்குவார்கள். ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை, பௌர்ணமிதோறும் வழிபாடு. ஐஸ்லாந்தில் பழைய நோர்டிக் தெய்வங்களை வணங்குகிறவர்கள் 1972இல் சங்கம் அமைத்தார்கள், மறுவருடமே அரசு அங்கீகரித்தது. கனடாவில் 2011 கணக்கெடுப்பின்போது 25 ஆயிரத்துக்கும் அதிகமானோர் தங்கள் சமயம் இதுவென்று எழுதிக் கொடுத்தார்கள். சூனியம் செய்வதாகப் பாவனை காட்டி ஏமாற்றுவதைத் தனிக் குற்றமாக வைத்திருந்த கனடியச் சட்டப் பிரிவு 365, 2018 டிசம்பரில் நீக்கப்பட்டது. (செய்வினை எடுத்துத் தருகிறேன் என்று காசு பறிக்கிறவர்கள் மீது மோசடிச் சட்டம் இன்றும் பாயும். அதை நம் ஆட்களும் நினைவில் வைத்திருப்பது நல்லது.)

இனி நூலக விஷயம். இதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இங்கே கனடாவிலுள்ள பொது நூலகங்களில் பெரும்பாலும் டியூயி எண் முறைதான். 1876இல் அமெரிக்கர் ஒருவர் வகுத்தது. சமயத்துக்கு 200 முதல் 299 வரை எண்கள். அதில் 220இலிருந்து 289 வரை கிறிஸ்தவத்துக்கே போய்விடும். உலகத்தின் மற்ற எல்லாச் சமயங்களையும் 290களுக்குள் நெருக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். 292 பழைய கிரேக்க, ரோமத் தெய்வங்கள். 293 ஜெர்மானிய, நோர்டிக் தெய்வங்கள். 294.5 நாம். 299.94 இன்றைய பேகன்கள். உங்கள் மகள் அந்த அலமாரி முன் நின்றபோது ஒரு கைக்கு எட்டும் தூரத்தில் கந்தபுராணமும் இருந்திருக்கலாம், நோர்டிக் தெய்வம் ஓடினின் கதையும் இருந்திருக்கலாம்.

ஆனால் பேகன் நூல்கள் எல்லாம் 299இல் கிடைக்காது. விக்கா பற்றிய நூல்களில் பல 133.43இல், அதாவது பேய், ஜோசியம், மாந்திரீகம் வைத்திருக்கும் பகுதியில் இருக்கும். ஒரு சமயத்தார் தங்கள் சமயத்தைப் பேய்க்கதைகளுக்கு நடுவில் தேடவேண்டியிருப்பது நியாயமில்லை என்பதே என் எண்ணம். பிள்ளைகள் இரண்டு எண்களிலும் தேடட்டும். தேடியும் கிடைக்காவிட்டால் நூலகரிடம் கேட்டு வேறு நூலகத்திலிருந்து இரவல் வருவிக்கலாம். கியூபெக்கில் குடியிருக்கும் எவரும் மொன்றியல் நகரிலுள்ள பெரிய நூலகத்தில், 2005இல் திறந்த கிராண்ட் பிப்லியோதேக்கில், இலவச அட்டை எடுக்கலாம்.

இன்னும் ஆழமாகப் படிக்க நினைத்தால் மக்கில் பல்கலைக்கழகத்தின் சமயக் கல்விப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே பெர்க்ஸ் வாசிப்பறை என்று ஒன்று உண்டு. மரப்பலகை அடித்த சுவர், நீண்ட மேசைகள். உள்ளே போகிறவர்கள் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். நம் பிள்ளைக்கு அந்த வழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். புத்தகத்தைத் திறந்ததும் எழுதியவர் யார், எந்த ஆண்டு, தான் சொல்வதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று பார்க்கட்டும். இந்தத் துறையில் அது மிகவும் தேவை. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: அந்தச் சமயமே எழுபது, எண்பது வருடத்துக்கு முன் ஒரு மனிதர் உண்டாக்கியது என்று மகள் படித்துவிட்டுச் சொல்கிறாள். அப்படியானால் அது பொய்தானே?
– அதே வாசகி

பதில்: உங்கள் மகள் நல்ல புத்தகம்தான் எடுத்திருக்கிறாள்.

1921இல் மார்கரெட் மரே என்ற அறிஞர், ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய சமயத்தை மறைவாகக் காத்துவந்தவர்கள் என்று எழுதினார். கார்ட்னரின் 1954 நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் வழக்கு ஆவணங்களைத் திரும்பப் படித்துப் பார்த்து, மரே சொன்னது நிற்காது என்றார்கள். 1999இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ரொனால்ட் ஹட்டன், விக்கா எப்படி உருவானது என்று முழு வரலாறு எழுதினார். பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்பதே அவர் முடிவு.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மதிக்கிறேன். பேகன்களில் பலர் அந்த நூலை ஒளித்துவைக்கவில்லை. வாங்கினார்கள், படித்தார்கள், சண்டையும் போட்டார்கள், பிறகு தங்கள் நூலகங்களில் அடுக்கிவைத்தார்கள். பௌர்ணமி வழிபாடும் நிற்கவில்லை. கார்ட்னரின் கையெழுத்துத் தாள்களுக்கு என்ன ஆனது என்பதும் தெரிந்துகொள்ளவேண்டிய கதை. அவர் மறைவுக்குப் பின் அவருடைய சேகரிப்பு 1973இல் ரிப்ளீஸ் என்ற விநோதப் பொருட்காட்சி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஒரு சமயத்தின் மூல ஏடுகள் வேடிக்கைப் பொருளாகிவிட்டன. 1979இல் டொராண்டோவில் விக்கா சபை ஒன்றைத் தொடங்கிய ரிச்சர்ட், தமாரா ஜேம்ஸ் தம்பதி 1987இல் அந்தத் தாள்களை விலை கொடுத்து மீட்டார்கள். விக்காவின் மூலத் தாள்கள் கனடாவுக்கு வந்தது அப்படித்தான். கலிபோர்னியாவின் அடோசென்டின் ஆய்வு நூலகம், டெலவேரின் புதிய அலெக்சாந்திரிய நூலகம் இரண்டும் பேகன்கள் தாங்களே நடத்துபவை. இங்கிலாந்தில் பாஸ்காசில் என்ற கடலோர ஊரில் இருக்கும் சூனிய அருங்காட்சியகத்திலும் ஆய்வாளருக்கான நூலகம் உண்டு. 2004 ஆகஸ்டில் பெருவெள்ளம் அந்த ஊருக்குள் புகுந்தது. அதற்குப் பிறகும் அருங்காட்சியகம் நடக்கிறது.

பொய்யா என்று கேட்டீர்கள். ஒரு சமயத்தின் வயது வேறு, அதை நம்புகிறவர் கும்பிடும்போது அடைகிற அமைதி வேறு. முதலாவதை ஆராய்ச்சி தீர்க்கும். இரண்டாவதில் நாம் தலையிடக் கூடாது. நம் கோயில்களின் தலபுராணம் யுகக் கணக்குச் சொல்லும், கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டு என்று சொல்லும். கல்வெட்டைப் படித்தவர் யாரும் அதற்காகக் கோயிலுக்குப் போவதை நிறுத்தியதில்லை.

கேள்வி: அவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுடைய பழைய தெய்வங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், லாவால்

பதில்: ஒரே பெயரால் ஏசப்பட்டவர்கள் என்ற சம்பந்தம் இருக்கிறது.

1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார். நம் மக்களை அவர் வைத்த வகை ‘அஞ்ஞானிகள்’, அதாவது பேகன்கள். 1713இல் அவர் அச்சிட்ட முதல் தமிழ்ப் பிரசுரமே ‘அக்கியானம்’, அதாவது அஞ்ஞானம், என்பதைக் கண்டித்துத்தான். ஆனால் அதே மனிதர்தான் வீடு வீடாகச் சுவடி தேடி வாங்கினார், ஆள் வைத்துப் படி எடுத்தார். 1708இல் தம்மிடமிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு பட்டியல் எழுதினார். 1713இல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி முடித்தார். சிவன், பெருமாள் மட்டுமல்ல. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி எல்லோரும் அதில் உண்டு. ஊர்ச் சாமிகளை உள்ளூர்ப் புலவர்களே பொருட்படுத்தாத காலம் அது.

நூல் ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போயிற்று. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்பவா அனுப்பினோம் என்ற மனநிலையில் அங்கிருந்த மிஷன் பொறுப்பாளர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. 154 ஆண்டுகள் அது பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், அச்சிட மறுத்தவர்களும் அதைக் கிழித்துப் போடாமல் ஆவணக் காப்பகத்தில் வைத்திருந்ததுதான்.

நாம் நம் கையில் இருந்ததை என்ன செய்தோம்? உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பக்தியோடு செய்ததுதான். ஆனாலும் போனது போனதுதான். 1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகத்துக்கு வைத்த தீயில் சுமார் 97,000 நூல்கள் போயின. அதில் ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. அதை இழந்த நாம் இன்னொரு சமூகம் தன் நூல்களைத் தேடும்போது முகம் சுளிக்கலாமா?

கேள்வி: இரகசியமாகச் சொல்லவேண்டிய மந்திரங்களையும் சடங்குகளையும் நூலகத்தில் வைப்பது பாவம் இல்லையா?
– வாசகர், பிரோசார்

பதில்: விக்காவிலும் இந்தக் கேள்வி உண்டு. தீட்சை பெற்றவர்கள் தங்கள் சடங்கு நூலைக் கையால் படி எடுப்பார்கள், வெளியாருக்குக் காட்டுவதில்லை என்று சத்தியம் செய்வார்கள். காப்பது வேறு, காட்டுவது வேறு. ஒரு சுவடியை நூலகத்தில் ஒப்படைக்கும்போதே இத்தனை ஆண்டு திறக்கக் கூடாது, இன்னாரே பார்க்கலாம் என்று நிபந்தனை எழுதலாம். ஆவணக் காப்பகங்கள் மதிக்கும். மந்திரத்தை ஏட்டில் படிப்பதால் தீட்சை கிடைத்துவிடாது என்பதும் நம் ஆகமத்தின் நிலைதான். பரணில் கறையானுக்குக் கொடுப்பதுதான் பாவம்.

கேள்வி: எங்கள் ஊரில் அண்ணமார் கோயில் எங்கள் குடும்பக் கோயில். அப்பா காலமாகிவிட்டார். பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புத்தகம் ஏதும் உண்டா?
– வாசகர், டொலார்-டெ-ஓர்மோ

பதில்: உங்கள் கேள்வியும் கர்க்லாண்ட் பிள்ளையின் தேடலும் ஒன்றுதான். பெரிய கோயிலுக்குத் தலபுராணம் இருக்கும். அண்ணமார், நாச்சிமார், வைரவர், பெரியதம்பிரான், காத்தவராயன் போன்றோருக்கு உடுக்கடித்துப் பாடியவரின் நினைவுதான் நூல்.

முதலில் ‘நூலகம்’ இணைய நூலகத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கியது. ஈழத்து ஊர் மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள் அங்கே ஏராளம். ஊர்ச் சாமியைப் பற்றிய பக்கங்கள் இத்தகைய மலர்களில்தான் ஒளிந்திருக்கும். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, நாட்டார் தெய்வங்களையும் கதைப்பாடல்களையும் பல ஆண்டுகளாகத் திரட்டி ஆராய்கிறது. ஒரு கத்தோலிக்கக் கல்லூரி சுடலைமாடன் கதையைப் பேணுகிறது, பாருங்கள். மட்டக்களப்புப் பக்கம் வைகாசிச் சடங்கில் பாடும் கண்ணகி வழக்குரையை வி.சீ. கந்தையா ஏடுகளிலிருந்து எடுத்து 1968இல் பதிப்பித்தார். அப்படி ஒருவர் உட்கார்ந்து செய்ததால்தான் அது இன்று நம் கையில் இருக்கிறது.

இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு, பெற்றோர் அதை யோசிப்பதில்லை. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டிக் காத்துவருகிறது. புதுச்சேரியிலுள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கோயில் பூசைமுறையைச் சொல்லும் சோமசம்பு பத்ததியை எலேன் புரூனர் என்ற அம்மையார் நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். முதல் தொகுதி 1963, கடைசித் தொகுதி 1998. சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கும். கியூபெக் பள்ளியில் பிரெஞ்சு படித்த உங்கள் பிள்ளைக்குத் திறந்திருக்கிறது.

ஆனால் உங்கள் வீட்டு அண்ணமாரைப் பற்றிய நூலை வேறு யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். உங்கள் பெரியம்மாவோ மாமாவோ உயிரோடு இருந்தால் இந்த வாரமே தொலைபேசியில் கூப்பிடுங்கள். கேட்டு, பதிவு செய்யுங்கள். கோயில் எந்த மரத்தடியில், பொங்கல் எந்த மாதம், என்ன படையல், யார் பூசாரி, யார் உரு ஆடுவார், இடப்பெயர்வுக்குப் பின் விளக்கு வைத்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் சொல்கிறவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் பேசிப் பதியுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வருகிற ஆய்வாளருக்கு உதவாது. பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தில் யார் யார் என்று எழுதுங்கள். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள், ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கர்க்லாண்ட் அம்மா, உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தேடவும் எழுதவும் இப்போது பழக்கம் வந்திருக்கிறது. உங்கள் குலதெய்வத்தின் கதையை அவர்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.