காட்சியும் காரியமும்

உலகம் தோன்றுவதற்கு முன்னால், அது எவ்வளவு நுணுக்கமாகத் தோன்றினால் போதும் என்று ஜீவனிடமே அபிப்பிராயம் கேட்கிற சிருஷ்டிகர்த்தாவை நான் படித்த புராணம் எதிலும் கண்டதில்லை. ஆனால், போலந்து தேசத்து சிடி புராஜெக்ட் நிறுவனத்தார் 2020-ஆம் வருஷம் டிசம்பரில் வெளியிட்ட 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை, புதிதாக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டரில் திறந்து, கிராபிக்ஸ் செட்டிங்ஸ் பகுதிக்குள் நுழைகிறவருக்கு அந்த அபூர்வமான அதிகாரம் தாராளமாகவே வழங்கப்படுகிறது. நிழல் எத்தனை கூர்மையாக விழ வேண்டும், மூடுபனியும் மேகமும் எவ்வளவு திரண்டு நிற்க வேண்டும், மழைநீர் தேங்கிய வீதியில் விளக்குகளின் பிரதிபிம்பம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும், தெருவில் எத்தனை ஜனங்கள் நடமாட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, லோ, மீடியம், ஹை, அல்ட்ரா என்ற படிகளை அது நம் முன் அடுக்கி வைக்கிறது. (சிலவற்றில் அல்ட்ராவுக்கும் மேலே ஒரு படி உண்டு, அதற்கு 'சைக்கோ' என்று அவர்களே பெயரிட்டிருப்பதில் ஒருவித நேர்மை இருக்கிறது.)

இந்த அதிகாரம் விலையில்லாமல் கிடைப்பதன்று. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட வேண்டுமானால், ஒரு பிரேமை எழுதி முடிக்க யந்திரத்துக்கு உள்ள அவகாசம் ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட். 144 முறை என்றால் 7 மில்லி செகண்டுக்கும் குறைவு. அதற்குள் 1080பி திரையாயின் 20,73,600 புள்ளிகளுக்கும், 4கே திரையாயின் அதற்கு நான்கு மடங்கான 82,94,400 புள்ளிகளுக்கும் நிறம் நிச்சயிக்கப்பட்டாக வேண்டும். நிழலுக்குக் கொடுத்த காலம் மேகத்தினிடமிருந்து எடுத்ததே. எவ்வளவு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டானாலும் இந்தக் கணக்கிலிருந்து அதற்கு விமோசனம் கிடையாது.

ஆகவே எதையாவது விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்றாகிறபோது, விற்பவர்களும் வாங்குபவர்களும் விவாதமின்றி ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு சித்தாந்தம் குறுக்கே வந்து நிற்கிறது: படி உயர உயர அந்த உலகம் சத்தியத்துக்கு நெருங்குகிறது, படி இறங்கினால் பொய்மை கூடுகிறது என்பது. மெய்யான காட்சி என்று எதைச் சொல்லுவது, தோற்றத்தில் நுணுக்கமானதையா, அல்லது நம்முடைய செய்கைக்கு விடை தருவதையா என்று அளவை நூலார் பல நூற்றாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் இந்த மெனுவுக்குள் அப்படியே புகுந்து கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பிரதிபிம்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ரே டிரேசிங் இல்லாத நிலையில் இந்த விளையாட்டு 'ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன்' என்ற உபாயத்தைக் கையாளுகிறது. அதாவது, திரையில் ஏற்கெனவே வரையப்பட்டதை மட்டும் எடுத்து ஈரத் தரையில் தலைகீழாகப் படிய வைக்கிறது. எதிரே நிற்கும் கட்டடமும் அதன் பிம்பமும் ஒருங்கே தெரிகிற வரையில் குறையொன்றும் இல்லை. பிம்பத்தை நன்றாகப் பார்க்கலாமென்று நாம் தலையைக் குனிந்தால், கட்டடம் திரைக்கு வெளியே போய்விடுகிறது, போன மாத்திரத்தில் தரையிலிருந்த பிம்பமும் இல்லாமற் போகிறது. காண்பதே படைப்பு, காணப்படாத பொருளுக்கு இருப்பே இல்லை என்று 16-ஆம் நூற்றாண்டளவில் பிரகாசானந்தர் தம் வேதாந்த சித்தாந்த முக்தாவளியில் நிலைநாட்ட முயன்ற திருஷ்டி சிருஷ்டி வாதம், ஒரு குட்டைத் தண்ணீரில் இப்படி நிரூபணமாவதை அவர் விரும்பியிருப்பாரோ என்னவோ!

ரே டிரேசிங்கை இயக்கினால் அந்தக் குறை நீங்குகிறது. முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கும் முன்னாலிருக்கும் கண்ணாடியில் தெரிகிறது. ஆயினும் அது நடைபெறும் விதம் விநோதமானது. 1980-இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட ஆய்வுரைக்குப் பின் வேரூன்றிய இந்த முறையில், கிரணம் விளக்கிலிருந்து புறப்படுவதில்லை. விளக்கு எல்லாத் திசையிலும் வாரியிறைக்கும் கிரணங்களில் கண்ணை வந்து சேருபவை மிகச் சொற்பமாகையால், மற்றவற்றைக் கணக்கிடுவது வீண் பிரயாசை என்று கருதி, பார்க்கிறவனுடைய கண்ணின் ஸ்தானத்திலிருந்தே கிரணத்தைச் செலுத்தி, அது பொருளைத் தொட்டு அங்கிருந்து விளக்கைத் தேடிப் போகும்படி செய்கிறார்கள். கண் என்னும் இந்திரியம் தேஜஸால் ஆனது, அதன் கிரணம் வெளியே சென்று பொருளை அடைந்த பின்பே அறிவு உண்டாகிறது என்று வாதித்து, இரவில் சஞ்சரிக்கும் பிராணிகளின் கண்ணில் ஒளிரும் கிரணத்தை அதற்குச் சான்றாகக் காட்டிய நியாய சூத்திரக்காரரின் கொள்கை இதுவேயல்லவா? பௌத்தர்கள் அதை மறுத்தார்கள். கண்ணிலிருந்து கிரணம் புறப்படுவதில்லை என்ற மட்டில் பௌதிக சாஸ்திரமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அவ்வாறு தோற்றுப்போன நையாயிகர்களின் வழியை யந்திரம் சிக்கனத்துக்காக மேற்கொண்டு, 2023 ஏப்ரலில் இந்த விளையாட்டில் சேர்க்கப்பட்ட 'ஓவர்டிரைவ்' என்னும் ரே டிரேசிங்கின் உச்சப் படி வரையில் போய், எல்லோரும் மெச்சுகிற காட்சியைத் தருகிறது என்றால், காட்சி பிறந்த வழி இயற்கையோடு ஒத்ததா என்பதைக் கொண்டு அதன் மெய்ம்மையைத் தீர்மானிக்க முடியாது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

பிலிம் கிரெயின், குரோமாட்டிக் அபெரேஷன், லென்ஸ் ஃபிளேர், மோஷன் பிளர் என்று வேறொரு கூட்டமும் அதே மெனுவில் இருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் பிலிமுக்கும் லென்சுக்கும் உரிய தோஷங்கள். காமிராக்காரர்கள் நீக்கப் பாடுபட்ட குறைகளை, காமிராவே இல்லாத இடத்தில் கைக்காசு செலவழித்து வரவழைத்துக்கொள்வது விந்தை. நிஜம் போல இருக்கிறது என்று சொல்லும்போது சினிமாவைப் போல இருக்கிறது என்றே நாம் நினைக்கிறோம் போலும். இவற்றை அணைத்துவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

விஷயத்தின் மர்மம் இன்னும் அண்மையில் வந்த ஒரு சௌகரியத்தில் இருக்கிறது. 2022-இல் என்விடியா நிறுவனத்தார் தங்கள் 40 வரிசைக் கார்டுகளோடு அறிமுகப்படுத்திய 'பிரேம் ஜெனரேஷன்' என்னும் ஏற்பாட்டில், யந்திரம் முறைப்படி கணக்கிட்டு எழுதிய இரண்டு பிரேம்களுக்கு நடுவே, இப்படித்தான் இருந்திருக்கும் என்ற ஊகத்தினால் ஒரு பிரேம் புகுத்தப்படுகிறது. 2025-இல் 50 வரிசை வந்தபோது, எழுதிய பிரேம் ஒன்றுக்கு ஊகித்த பிரேம் மூன்று வரையில் கிடைத்தது. கண்ணுக்கு அசைவு நீரோட்டம் போல வழுக்கிச் செல்லுகிறது. ஆனால், நடுவில் ஒன்றைப் புகுத்த வேண்டுமானால் பின்னால் வர வேண்டிய மெய்ப் பிரேமைச் சற்றுத் தாமதித்தே வெளியிட வேண்டும். மேலும், ஊகித்த பிரேம் பிறக்கும்போது விளையாடுகிறவர் மவுஸை அசைத்தாரா, பொத்தானை அழுத்தினாரா என்ற சேதி அதற்குள் நுழைவதே இல்லை. ஆகவே மெய்ப் பிரேம் வினாடிக்கு 30 மட்டுமே என்றிருக்கும் கணினியில் திரை 120 என்று காட்டினாலும், கைக்குக் கிடைப்பது 30-இன் மந்தமும் அதற்கு மேல் சிறிது தாமதமுமேயாகும். கண் ஏமாந்த இடத்தில் கை ஏமாறுவதில்லை.

7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவரென்று பெரும்பாலும் கருதப்படும் தர்மகீர்த்தி என்ற பௌத்த ஆசாரியர், பிரமாணமாவது விஸம்வாதம் இல்லாத அறிவு, அதாவது நம்மை ஏமாற்றாத அறிவு என்று லக்ஷணம் கூறி, ஏமாற்றாமை என்பது அர்த்தக்கிரியை, அதாவது நாடிய காரியம், நிறைவேறுவதே என்று அதற்கு விளக்கமும் தந்தார். கானல் நீரின் குற்றம் அது நீரைப் போல் இல்லை என்பதன்று; பார்வைக்கு அது நீரேதான்; நெருங்கிப் போனவனுடைய தாகத்தை அது தணிக்கவில்லை என்பதே குற்றம். இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், மீடியத்தில் வரையப்பட்டு, அழுத்திய கணத்தில் விடை சொல்லுகிற மெய்ப் பிரேம், அல்ட்ராவில் பளபளத்துக்கொண்டு நம் செய்கையை அறியாமலே வந்து போகிற ஊகப் பிரேமைவிட மெய்யானது என்று சொல்ல நேர்கிறது. மெய்ப் பிரேம் 60-க்குக் குறையாதிருக்கும்போது இந்த ஏற்பாட்டினால் பெரிய தீங்கில்லை, அழகு கூடவே செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இல்லாத வேகத்தை இருப்பதாகக் காட்ட அதை உபயோகிக்கும்போதுதான் அது கானலாகிறது.

'கவுன்டர் ஸ்ட்ரைக்' என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஜீவனம் நடத்துகிற வீரர்களுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான டாலர் பெறும் கணினியின் முன் அமர்ந்துகொண்டு, அவர்களில் பலர் 1280-க்கு 960 என்ற பழைய ரெசல்யூஷனை வைத்து, அதை அகலத் திரை முழுவதும் இழுத்து நிரப்பி, மனித உருவங்களெல்லாம் பருத்துத் தோன்ற விளையாடுகிறார்கள். அதனால் இருபக்கத்துக் காட்சியில் சிறிது பறிபோகிறது, அளவுப் பிரமாணம் கெடுகிறது, ஓவியக்காரன் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வான். ஆயினும் குறி பெரிதாகத் தெரிவதாகவும் கை சொன்னபடி கேட்பதாகவும் அவர்கள் கருதுகிறார்கள். அறிந்தே காட்சியைத் திரித்து, காரியத்தில் பிசகாமல் இருக்கப் பார்க்கும் இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முழுவதுமே பொய்யான ஓர் உலகத்தில் மெய்ப் பிரேம் என்ன, பொய்ப் பிரேம் என்ன என்று யாரேனும் ஆக்ஷேபிக்கலாம். வசுபந்து தம் விம்சதிகையில் இதற்கு இடம் வைத்திருக்கிறார்: வெளிப் பொருள் இல்லாமற் போனால் காரியம் எப்படி நடக்கும் என்று கேட்டவர்களுக்கு, கனவில் கண்டதும் காரியத்தை விளைவிக்கக் காண்கிறோமே என்பதுதான் அவருடைய விடை. கனவு முழுவதும் கனவேயானாலும், அதற்குள் பலிப்பது பலிக்காதது என்ற பேதம் அழிவதில்லை. விளையாடுகிறவருக்கு வேண்டியது அந்தப் பேதம் ஒன்றுதான்.

மற்றொரு ஆக்ஷேபம் இதைவிடப் பலமானது. சண்டை எதிலும் சேராமல், சைபர்பங்கின் நகரமான நைட் சிட்டியின் மழையிரவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நியான் விளக்குகள் தரையில் கரைந்தோடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே விளையாட்டைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். போட்டோ மோடில் மணிக்கணக்காக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் நாடிய அர்த்தம் காட்சியே ஆகையால், அர்த்தக்கிரியையும் காட்சியிலேயே முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு ஓவர்டிரைவும் வினாடிக்கு 30 பிரேமும் போதும். குறைந்த வேகத்தைக் குற்றமென்று சொல்ல நமக்கு நியாயமில்லை. அந்த மனிதரே மறுநாள் துரத்திவரும் கார்களுக்கு நடுவே ஓட்ட நேர்ந்தால், நேற்றைய செட்டிங்ஸ் இன்று அவருக்கு அப்பிரமாணமாகிவிடும். மெனுவைத் திறந்து நாலைந்து படி இறங்குவதில் அவமானம் ஏதும் இல்லை.

செட்டிங்ஸைப் பரீட்சிப்பதற்கென்று விளையாட்டுக்குள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டினால் காமிரா தானாகவே ஊர்வலம் போய்வந்து, முடிவில் சராசரி இத்தனை, குறைந்தது இத்தனை என்று பிரேம் கணக்கை ஒழுங்காகக் காட்டுகிறது. அந்தக் கணக்கைப் பெரும்பாலோர் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பரீட்சை நடக்கும்போது பார்க்கிறவரின் கைக்கு ஒரு வேலையும் இல்லை. ஜன நெருக்கமுள்ள கடைத்தெரு ஒன்றில் மழை பெய்கிற வேளையாகப் பார்த்துக் காரை வேகமாக ஓட்டி, இரண்டு திருப்பங்களில் வளைத்துப் பார்ப்பதே எனக்கு அதைவிட நம்பகமான அளவையாகத் தோன்றுகிறது.