வேடத்தின் மீது சுமத்தும் பழி

மனிதனின் கண் உலகத்தையெல்லாம் காண்கிறது; தன்னை மட்டும் அது காண்பதில்லை. மனமும் அத்தகையதே. பிறர் குறையை இருட்டிலும் கண்டுபிடிக்கும் மனம், தன் குறையைப் பட்டப்பகலிலும் காண மறுக்கிறது. அதனால்தான் நம் முன்னோர்கள் தன் குறை காணுதலைத் தனியொரு கல்வியாகவே போற்றினார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹாரிஸ் (ரஹ்) என்னும் பெரியார், தம் மனத்தை ஓயாது கணக்கெடுத்து வந்தமையால் ‘அல்முஹாஸிபீ’, அதாவது கணக்கெடுப்பவர், என்றே பெயர் பெற்றார்கள். மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ ஆன்ம மருத்துவம் பற்றி எழுதிய நூலில், ஒருவன் தன் குறைகளை அறிவது எவ்வாறு என்பதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். தமிழ் மறையிலும் ‘குற்றங்கடிதல்’ என ஓர் அதிகாரம் உண்டு.

இத்துணைப் பழைமையான கேள்வியை நாம் ஒரு புதிய இடத்தில் வைத்துப் பார்க்க விழைகிறோம். அவ்விடம் ஒரு விளையாட்டு மேசை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டில் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். அதற்கு முன்பிருந்த போர் விளையாட்டுகளில் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். இதிலோ ஒருவர் ஒரே ஒரு மனிதனாக நின்று ஆடுவார். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்தும் தலைவர்; ஊரையும் காட்டையும் பகைவரையும் சொற்களாலேயே படைப்பவர் அவர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன் எனத் தமக்கொரு வேடம் வகுத்துக்கொண்டு, ‘இப்போது நான் இன்னது செய்கிறேன்’ என்று வாயால் சொல்லியே ஆடுவர். செயல் பலிக்குமா என்பதை இருபது முகங்கொண்ட பகடை முடிவு செய்யும். ஒருவர் வென்று மற்றவர் தோற்பதென்பது இதில் பெரும்பாலும் இல்லை. கதை வாரக்கணக்கில் நீளும். சில குழுக்களில் ஆண்டுக்கணக்கிலும் நீளும். இவ்வகை ஆட்டங்கள் இன்று உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ளன.

பகடையைப் பற்றி நம் ஃபுகஹாக்கள் கடுமையாகவே பேசியிருக்கிறார்கள். அச்சட்டப் பிரச்சினை தனிக் கட்டுரைக்குரியது. ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது ஒழுக்கப் பிரச்சினை. 1980களில் அமெரிக்கக் கிறித்தவ அமைப்புகள் சில, இவ்விளையாட்டின் நூல்களில் ஷைத்தான் ஒளிந்திருப்பதாகக் குற்றம் சாட்டின. அவர்கள் அவனை ஏட்டில் தேடினார்கள். ஆடிப் பழகியவர்கள் கண்டதோ வேறு. கெடுதல் ஏட்டில் இருக்கவில்லை. மேசையருகே நாற்காலியில் அமர்ந்திருந்தது.

அந்த மேசையில் வெளிப்படும் குறைகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மற்றவரைப் பேசவே விடுவதில்லை. எல்லாக் காட்சியிலும் தாமே நாயகர். இன்னொருவர் பிறர் முறை வரும்போது செவிகொடுக்காமல் தம் முறைக்காக மட்டும் காத்திருக்கிறார். வேறொருவர் அருகிலிருப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் தாமே சொல்லித் தருகிறார். விதி நூலைப் புரட்டி ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் வாதாடுபவரும், தம் பாத்திரம் அறிய வழியில்லாத செய்தியைத் தாம் அறிந்திருப்பதால் அதைக் கொண்டு ஆதாயம் தேடுபவரும், பகடை காட்டிய எண்ணை மாற்றிச் சொல்பவரும் உண்டு. இவற்றின் பெயர்களை நாம் அறிவோம். கிப்ர், உஜ்பு, ஹிர்ஸ், கியானத்து என்று நம் அக்லாக் நூல்கள் பட்டியலிடும் பிணிகளே இவை. பெருமை, தற்செருக்கு, பேராசை, மோசடி ஆகியன உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன.

இக்குறைகளைச் சுட்டினால் கிடைக்கும் விடைதான் நம் சிந்தனைக்குரியது. ‘நான் என்ன செய்வேன்? என் பாத்திரம் அப்படிப்பட்டவன். அவன் அப்படித்தான் நடப்பான்’ என்பதே அவ்விடை. தோழனின் பையிலிருந்து பொன்னைத் திருடிவிட்டு, ‘திருடன் திருடாமல் என் செய்வான்?’ என்கிறார். மற்ற நால்வரும் அரும்பாடுபட்டுச் செய்த ஏற்பாட்டை ஒரு நொடியில் குலைத்துவிட்டு, ‘அவன் முன்கோபக்காரன்’ என்கிறார். அவ்வாட்டக்காரர்களிடையே நன்கு அறியப்பட்ட சாக்கு இது. பழி முழுவதும் வேடத்தின் தலையில் ஏற்றப்படுகிறது.

இச்சாக்கு செல்லுமா? இரண்டு வகையில் செல்லாது என்போம். முதலாவது, அந்த வேடத்தை வகுத்தவர் யார்? திருடனைத் தேர்ந்தவரும் அவரே. அவன் அயலானிடம் திருடாமல் தோழனிடமே திருடட்டும் எனத் தீர்மானித்தவரும் அவரே. தேர்வு எங்கே உண்டோ அங்கே பொறுப்பும் உண்டு. இரண்டாவது, விளையாட்டு என்று சொல்லிவிட்டதனால் எல்லாச் சொல்லும் விளைவற்றுப் போய்விடுவதில்லை. திருமணம், மணவிலக்கு, மணவிலக்கை மீட்டல் ஆகிய மூன்றும் வேடிக்கையாக மொழியப்பட்டாலும் மெய்யாகவே கொள்ளப்படும் என்பதைக் காட்டும் நபிமொழியை நம் மாணவர்கள் ஓதியிருக்கிறார்கள். அவை மூன்றிலும் இன்னொரு உயிரின் உரிமை பிணைந்திருக்கிறது. இவ்விளையாட்டை அச்சட்டத்தின் கீழ் நாம் கொண்டுவரவில்லை. அதிலிருந்து ஒரு படிப்பினையை மட்டும் எடுக்கிறோம். பிறர் உரிமை தொடங்கும் இடத்தில் நம் வேடிக்கை முடிந்துவிடுகிறது.

ஆயினும் நீதி தவறலாகாது. பாத்திரத்தின் குற்றம் வேறு, ஆடுபவரின் குற்றம் வேறு. கஞ்சனாக வேடமிட்டு அக்கஞ்சத்தனத்தால் அனைவரையும் சிரிக்க வைத்து, மற்றவர்க்கும் பேச இடம் தருபவர் கஞ்சர் ஆகார். வள்ளலாக வேடமிட்டு ஊருக்கெல்லாம் பொற்காசு வாரி வழங்கியபடியே, அருகிலிருக்கும் தோழருக்கு ஒரு நிமிடத்தைக்கூட விட்டுக்கொடாதவரே உண்மையில் கஞ்சர். ஆகவே அளவுகோல் ஒன்றே: அடி எங்கே விழுகிறது? கற்பனை மனிதன்மீது விழுந்தால் அது கதை. நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதன்மீது விழுந்தால் அது குற்றம்.

மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘மகாமாத்துல் ஹரீரீ’ இங்கே நம் நினைவுக்கு வருகிறது. அதன் முதல் மகாமாவில் அபூஸைத் என்பவர் மக்களை அழவைக்கும்படி உபதேசம் புரிகிறார். அவரைப் பின்தொடர்ந்து சென்ற ஹாரிஸ் காண்பதோ குகைக்குள் பொரித்த ஆட்டிறைச்சியையும் மதுவையும். அங்கே நல்ல வேடம் தீய மனத்தை மறைத்தது. விளையாட்டு மேசையிலோ நிலைமை தலைகீழ். ‘இது விளையாட்டுத்தானே’ என்ற எண்ணத்தால் மனம் தன் காவலைத் தளர்த்திவிடுகிறது. அலுவலகத்திலும் பள்ளிவாசலிலும் அடக்கி வைத்திருந்த குணம் அங்கே அச்சமின்றி வெளியே வருகிறது. மறைக்க உதவும் வேடமே காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. தன்னை அறிய விரும்புபவனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் கிட்டாது.

வாய்ப்பு இருந்தும் காண்பது எவ்வாறு? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் நான்கு வழிகளைக் காட்டுகிறார்கள்: மனநோய் அறிந்த ஆசான், உண்மை கூறும் தோழன், பகைவனின் நாக்கு, மக்களோடு கலந்து பழகி, பிறரிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடுதல். முதல் வழி அம்மேசையில் அரிது. கதைத் தலைவர் ஆட்டத்துக்கு நடுவரேயன்றி ஆன்மாவுக்கு மருத்துவர் அல்லர்.

இரண்டாம் வழி திறந்திருக்கிறது. ஆயின் கேட்கும் முறை அறிந்து கேட்க வேண்டும். ‘நான் நன்றாக ஆடினேனா?’ என்று கேட்பவன் புகழை யாசிக்கிறான். ‘இன்று யார் பேச்சை நான் இடைமறித்தேன்?’ என்று கேட்பவனே குறையைத் தேடுகிறான். உமர் (ரலி) அவர்கள் ஸல்மான் (ரலி) அவர்களிடம் தம்மைப் பற்றி வெறுக்கத்தக்கதாக என்ன செவியுற்றீர்கள் என வற்புறுத்திக் கேட்டதையும், ஒரே உணவில் இருவகைக் குழம்பு, பகலுக்கு ஓர் ஆடை இரவுக்கு ஓர் ஆடை எனச் சிறு செய்திகளையே அவர் விடையாகச் சொன்னதையும் கஸ்ஸாலி இமாம் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆட்சித் தலைவர் ஒருவர் அத்துணைச் சிறியதையும் கேட்டறிய விரும்பினார்! அவ்வாட்டக்காரர் சிலரிடமும் இதற்கொப்ப நல்ல வழக்கங்கள் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் பிடித்ததையும் இனி வேண்டுவதையும் சொல்வர். சிலர் ‘எக்ஸ்’ குறியிட்ட அட்டையொன்றை மேசைமீது வைப்பர். கதையின் போக்கு ஒருவர் மனத்தை வருத்தினால் அவர் அதைத் தொட்டால் போதும். காரணம் கேளாமலே கதை திசை திரும்பும்.

மூன்றாம் வழி கசப்பானது. எரிச்சலுற்ற எதிராளி ஒருவன் வீசும் சொல், பத்து நண்பர்களின் நாகரிகம் மறைத்த உண்மையைச் சொல்லிவிடும்.

நான்காம் வழியே கூர்மையானது. மேலே நாம் குறைகளை அடுக்கியபோது வாசகரின் நெஞ்சில் முதலில் தோன்றியது யார் முகம்? பெரும்பாலும் ஒரு நண்பரின், உறவினரின் முகமாக இருந்திருக்கும். அம்முகம் தோன்றும் கணமே நாம் விழித்துக்கொள்ள வேண்டிய கணம். பிறர் நம் நேரத்தைக் கவர்கிறார் என்று ஒருவன் ஏன் அவ்வளவு சினக்கிறான்? பெரும்பாலும் அந்த நேரம் முழுவதும் தனக்கே உரியது என எண்ணியிருந்தமையால்தான்.

இது வெறும் பொழுதுபோக்குக்காரரின் கவலையா? இல்லை. அம்மேசையின் ஓரத்தில் எப்போதும் ஒருவர் வாய்மூடி அமர்ந்திருக்கிறார். புதியவர், கூச்சமுடையவர். இரண்டு முறை பேச வாயெடுத்து, இரண்டு முறையும் தடுக்கப்பட்டவர். அவர் முறையிட மாட்டார். அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார். அவர் அளித்த மூன்று மணி நேரம் ஓர் அமானிதம். அடியார்களின் உரிமையை அவ்வடியார்களே மன்னிக்க வேண்டும் என்று நம் உலமாக்கள் ஓயாது நினைவூட்டுகிறார்கள். முறையிடாமல் எழுந்து போனவரிடம் மன்னிப்புக் கேட்பது எங்ஙனம்? நம் வீட்டுத் திண்ணையிலும், ஜமாஅத்துக் கூட்டத்திலும், வகுப்பறையிலும் இத்தகைய ஒருவர் இல்லையா?

மனிதன் எத்தனை சாக்குகளை எடுத்து வைத்தாலும் அவனுக்கெதிரான சாட்சி அவனேயாவான் என்னும் உண்மையைத் திருமறையின் ‘அல்கியாமா’ அத்தியாயம் உணர்த்துகிறது. அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில், தன்னைத்தானே நிந்தித்துக்கொள்ளும் ஆன்மா இறைவனின் சத்தியத்தில் இடம்பெறும் சிறப்பைப் பெற்றிருக்கிறது. சாக்குச் சொல்லும் மனமும் நிந்திக்கும் மனமும் ஒரே நெஞ்சில்தான் குடியிருக்கின்றன. எதற்கு நாம் செவிசாய்க்கிறோம் என்பதே வினா. ஆடைக்குள் தேள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நன்றி சொல்கிறோம். குணத்துக்குள் தேள் இருக்கிறது என்று சொன்னால் அவர்மீதே சினம் கொள்கிறோம் என்பது கஸ்ஸாலி இமாமவர்கள் காட்டும் உவமையின் சாரம். சுட்டிய விரலைப் பற்றி முறிக்காமல், தேளைத் தேடி எடுக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.