நனைந்த தானியமும் கைத்தொலைபேசிப் படமும்

வியாபாரம் என்பது சரக்கை மட்டும் விற்பதன்று. நம் வார்த்தையையும் சேர்த்தே விற்கிறோம். சரக்கு கெட்டால் மாற்றிக் கொடுக்கலாம். வார்த்தை கெட்டால் மாற்றிக் கொடுக்க நம்மிடம் வேறொன்று இல்லை. இப்பழைய உண்மையை நம் வியாபாரச் சகோதரர்கள் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. நம் சட்டைப் பையிலிருக்கும் கைத்தொலைபேசியே அதற்குக் காரணம்.

முன்னாளில் ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு நம்மவர்களில் சிலர் சைக்கிளில் ஜவுளி மூட்டை ஏற்றிச் சென்றார்கள். சம்பள நாளன்று லயத்து வாசலில் துணியை விரித்தால், வாங்க வந்த அம்மாள் உடனே விலை கேட்கமாட்டார். முந்தானையை இரண்டு விரலால் கசக்கிப் பார்ப்பார். வெயிலில் பிடித்துச் சாயத்தைப் பார்ப்பார். அதன் பிறகே பேரம். இன்று தோட்டத்தில் எஞ்சியிருப்பவர்களும், சிரம்பான், நீலாய் பக்கம் குடியேறிவிட்டவர்களும் வாட்ஸ்அப்பில் வரும் காணொளியைப் பார்த்தே பணம் அனுப்புகிறார்கள். அந்த அம்மாளின் விரல் செய்த வேலையை இப்போது நம் படம் செய்கிறது. அப்படியானால் அந்தப் படத்தை எவ்வளவு அழகுபடுத்தலாம்? அழகு எங்கே முடிகிறது, மோசடி எங்கே தொடங்குகிறது?

இதில் இருவகை அபிப்பிராயம் கேட்கிறோம். “படம் என்றாலே ஜாலம்தான், நேர்மையானவனுக்கு அது எதற்கு?” என்கிறார்கள் பெரியவர்கள் சிலர். “விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும், வாங்குகிறவருக்கும் அது தெரியுமே” என்கிறார்கள் இளைஞர்கள். இரண்டும் பாதி உண்மை.

முதலில் பெரியவர்களுக்குப் பதில் சொல்வோம். கடையைப் பெருக்கி, விளக்கேற்றி, துணியை மடித்து அடுக்குவதை எவரும் ஜாலம் என்பதில்லை. சரக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்வது அது. நல்ல காணொளி எடுப்பதும் அப்படித்தான். அதற்குப் பெரிய கருவியும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஷான் பேக்கர் என்பவர் 2015-ல் வெளியிட்ட ‘டாஞ்சரின்’ என்னும் முழுநீளத் திரைப்படம் ஐபோன் 5எஸ் கொண்டு எடுக்கப்பட்டதே. நம் நாட்டில் 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த நாட்களில், பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தில் வாழ்ந்த சுகு, பவித்ரா தம்பதியர் மலாயில் பேசிச் சமைத்துக் காட்டிய காணொளிகள் நாடெங்கும் பரவின. எளிய சமையலறை, இயல்பான பேச்சு. இருந்ததை இருந்தபடி காட்டியதே மக்களைக் கவர்ந்தது.

கடைக்காரருக்கு வேண்டிய வித்தையும் சிறிதே. விரல் எண்ணெய் படிந்த லென்ஸைத் துடைக்க வேண்டும். ஐந்தடிப் பக்கமிருந்து வரும் காலை வெளிச்சம் சரக்கின் மேல் பக்கவாட்டில் விழும்படி வைத்தால் நெசவு தெரியும். தூரத்தில் நின்று ஜூம் செய்வதைவிட நாமே கிட்டே போவது நல்லது. குழல் விளக்கின்கீழ் எடுக்கும்போது சில சமயம் படத்தில் கோடுகள் ஓடும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால், வினாடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று அமைத்தால் அது அடங்கும். பேச்சு தெளிவாகக் கேட்க, மைக் வாயருகே இருக்க வேண்டும்.

இவற்றைக் கற்காதவன் நேர்மையானவன் ஆகிவிடுவதில்லை. மங்கலான படத்தில் கிழிசலும் தெரியாது, கறையும் தெரியாது. இருட்டில் துணி விற்பதும் ஒருவித மறைப்பே அன்றோ?

இனி இளைஞர்களுக்கு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் கண்டு விசாரித்த செய்தி மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் எல்லோரும் அறிந்தது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் எனக் கண்டித்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த வியாபாரி வாய் திறந்து பொய் எதுவும் சொல்லவில்லை. காய்ந்தது மேலே, நனைந்தது கீழே; அவ்வளவுதான். குவியலை அடுக்கிய விதமே பொய் சொன்னது.

காணொளியும் ஓர் அடுக்கு முறையே. எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எதை வெட்டுவது என்பதெல்லாம் நம் கையில். ஆகவே ஓர் உரைகல் வைத்துக்கொள்வோம்: வாங்குகிறவர் நன்றாகப் பார்க்க உதவுவது அலங்காரம், பார்க்கவிடாமல் தடுப்பது மோசடி. சன்னல் வெளிச்சம் உதவுகிறது. மங்கிய பச்சையைப் பளபளக்கும் பச்சையாக்கும் ஃபில்டர் தடுக்கிறது. சிறு பாத்திரத்தை மிகக் கிட்டத்தில் எடுத்துப் பெரிதாகக் காட்டுவது தடுக்கிறது. பக்கத்தில் ஓர் ஐம்பது காசு நாணயத்தை வைத்தால் உதவுகிறது. திங்கட்கிழமை எடுத்த மாம்பழப் படத்தை வெள்ளிக்கிழமை அனுப்புவதும் தடுப்பதே.

“நிறத்தை நான் மாற்றவில்லை, கைத்தொலைபேசியே மாற்றுகிறது” என்பார்கள். உண்மைதான், பல கருவிகள் நாம் கேட்காமலே நிறத்தைக் கூட்டிக் கொடுக்கின்றன. ஆயினும் தராசு கோணியிருக்கிறது என்று அறிந்தபின் அதில் நிறுப்பவன் தராசைக் குறைகூற முடியுமா? அனுப்புமுன் படத்தையும் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேறுபட்டால் திருத்துவோம், திருத்த முடியாவிட்டால், “நேரில் நிறம் சற்று மங்கல்” என்று படத்திலேயே வாயால் சொல்வோம். கடைப் பையன் எடுத்த படம் என்றாலும் பொறுப்பு முதலாளியுடையதே.

எல்லோருக்கும் மிகை தெரியும் என்ற வாதமும் நிற்காது. 2025-ல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. இருபத்தாறு வேலை நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆகவே 65 வெள்ளிச் சேலை, தோட்டத்தில் உழைப்பவரின் ஒரு முழு நாள். சேலை வேறு நிறத்தில் வந்து சேர்ந்தால், மிகை என்று நாம் சிரித்துச் சொன்னது அவருக்கு ஒரு நாள் உழைப்பு.

பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹு சட்டம். 1999-ம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் தவறான எண்ணம் உண்டாக்கும் விற்பனையைத் தடுக்கிறது. ஆனால் ஒரு சேலைக்காக வழக்காட வருபவர் அரிது. அவர் மௌனமாக வேறு கடைக்குப் போய்விடுவார். ஆகவே இவ்விஷயத்தில் நம்மைத் தடுக்க வேண்டியது நம் மனமே.

குறையைக் காட்டினால் விலை குறையும் என்பது மெய். சில நாள் விற்பனையும் குறையலாம். நேர்மைக்கு நஷ்டமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. நனைந்ததை மேலே வைத்தால் நனைந்த தானியத்தின் விலைதான் கிடைக்கும். நமக்கு உரியதும் அந்த விலைதான். அதற்கு மேல் வாங்கியது நம் கல்லாவில் கிடந்தாலும் பிறர் பணமே.

ஆகவே வித்தையைக் கற்போம், பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். நல்ல சரக்கு நன்றாகத் தெரியட்டும். குறையுள்ள சரக்கின் குறையும் அதே வெளிச்சத்தில் தெரியட்டும்.