தறி நிற்கும் நேரம்

23ஆம் நாள். பிள்ளைப்பேற்றுக்கு வந்த அம்மா வீடு சோமனூரில். பக்கத்துத் தறிக்குடோனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று நாடா ஓடிக்கொண்டே இருக்கும். நான் வளர்ந்த சத்தம் என்பதால் என் காதில் அது விழுவதே இல்லை. இன்று கரண்ட் போய்த் தறி நின்றதும் பாப்பா வீரிட்டு விழித்துக்கொண்டாள். சத்தம் நின்றதுதான் அவளை எழுப்பியிருக்கிறது.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் நின்றபோது, "வீதியில கைக்கொழந்தைக ஒண்ணும் தூங்கல கண்ணு" என்கிறார் அம்மா. கூலி வராத வீட்டில் பெரியவர்கள் மட்டும் தூங்கியிருப்பார்களா?

சாயங்காலம் அவள் படுக்கையை அந்தச் சுவரை விட்டு உள்ளறைக்கு மாற்றினோம். அத்தனை இரைச்சல் பிஞ்சுக் காதுக்கு ஆகாது.

*

பகலெல்லாம் உறக்கம், நடுச்சாமம் இரண்டு மணிக்கு விளையாட்டு. முதல் 3 மாதங்களில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவளும் தூங்கத்தான் செய்கிறாள், துண்டு துண்டாக. ராத்திரி என்று ஒன்று இருப்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

வயிற்றில் இருந்தவரை, இருட்டியதும் என் உடம்பில் ஊறிய மெலடோனின் நஞ்சுக்கொடி வழியாக அவளுக்கும் போய்ப் பொழுது சாய்ந்ததைச் சொன்னது. கொடி அறுந்ததும் அந்தச் சேதியும் நின்றது. அவள் உடம்பே நேரம் பார்த்து அதைச் சுரக்க இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை பால் வழியே கொஞ்சம் போகிறது. ராத்திரி ஊறும் தாய்ப்பாலில் அது உண்டு, பகல் பாலில் இல்லையென்றே சொல்லலாம். இதைப் படித்த நாளிலிருந்து நடுச்சாமத்துப் பால் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

*

வெடியால எழுந்ததும் கிழக்கு வாசலைத் திறந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருகிறேன். பகலில் பாத்திரச் சத்தத்தையோ பேச்சையோ அடக்குவதில்லை. ராத்திரிப் பாலுக்கு லைட் போடுவதில்லை, செல்போனைத் தொடுவதில்லை, அவள் கண்ணைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கடைசியதுதான் கடினம்.

"வெளக்கு வெக்கற நேரத்துல தூங்க வெக்காத சாமி, லட்சுமி வர்ற நேரம்" என்கிறார் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி. அந்நேரம் தோளில் போட்டு வாசலில் நடக்கிறேன். அப்போது விழித்திருந்த நாட்களில், எட்டு மணிக்கு வரும் உறக்கம் கனமாக இருக்கிறது.

*

உத்தரத்தில் அம்மிச்சியின் பழைய நூல்சேலை தொட்டிலாகத் தொங்குகிறது. என் அம்மாவும் நானும் அதில் ஆடியவர்கள்தாம். ஆனாலும் எனக்குப் பயம். துணி குழியும்போது தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டினால், மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கும். 1994இல் அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டுகளில் அங்கே காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் சிசுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

இதையெல்லாம் தயங்கித் தயங்கி அம்மிச்சியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சேலையை அவிழ்த்தார். பாயின் மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் சுருக்கமில்லாமல் இழுத்து அடியில் செருகினார். "அந்த வாசம் இருந்தாப் போதுங் கண்ணு."

இப்போது கண் சொருகத் தொடங்கியதுமே பாயில் மல்லாக்கக் கிடத்திவிடுகிறேன். தலையணை இல்லை. தோளில் தூங்கிப் பாயில் விழிக்கிற குழந்தைக்கு இடம் மாறியதே திகிலாக இருக்குமல்லவா? உறங்கிய இடத்திலேயே கண் திறக்கட்டும்.

*

81ஆம் நாள். பிஞ்சுகளின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி, இமை துடித்து முனகும் தூக்கம். தொடக்கத்தில் ஒவ்வொரு முனகலுக்கும் ஓடிப்போய்த் தூக்கி, தூங்கியவளை நானே எழுப்பியிருக்கிறேன்.

ராத்திரி இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தட்டிக்கொடுக்க நீட்டிய கையை அந்தரத்திலேயே வைத்துக் காத்திருந்தேன். முகத்தைச் சுளித்தாள். வாயைச் சப்பினாள். சேலையை ஒரு விரல் தொட்டது. பிறகு ஒரு நீண்ட மூச்சு.

மறுபடி தறி ஓடத் தொடங்கியபோதும் நான் விழித்தேதான் இருந்தேன்.