கருகிய உறுப்பும் கருக்கிய காரணமும்

பழைய பொருளொன்றைப் பழுதுபார்க்க உட்காரும் எவரும் விடைகாண வேண்டிய கேள்வி, அதை மீண்டும் ஓடவைப்பது எப்படி என்பது மட்டுமன்று. அது ஏன் நின்றுபோனது என்று தெரியாமலே ஓடவைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லலாமா என்பதும்தான். இந்தக் கேள்வியைக் கைமாறி வந்த பழைய கார் ஆம்ப்ளிஃபயரைப் போல வற்புறுத்திக் கேட்கும் பொருள்கள் குறைவு. அதனுள் கருகிக் கிடக்கும் உறுப்பு மூடியைத் திறந்தவுடனே கண்ணில் படுகிறது; அதைக் கருக்கிய காரணமோ பல நேரங்களில் போர்டின் மறுகோடியில், எந்தக் குறையும் இல்லாததுபோல் தோன்றும் வேறோர் உறுப்பில் ஒளிந்திருக்கிறது.

அப்படி அமைவதற்கு அந்தக் கருவியின் கட்டமைப்பே காரணம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்சுற்றில் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். 4 ஓம் மின்தடை கொண்ட ஸ்பீக்கர் ஒன்றின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கினால்கூட, சிதைவில்லாத ஒலியாக இந்த மின்னழுத்தத்திலிருந்து கணக்கின்படி 25 வாட்டை எட்ட முடியாது. ஆகவே, அதற்கு மேல் ஆற்றல் தரவேண்டிய ஆம்ப்ளிஃபயர் இரண்டு பாதிகளாகக் கட்டப்படுகிறது. முதல் பாதி மின்வழங்கி, அதாவது பவர் சப்ளை: டிஎல்494 போன்ற ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு, மாஸ்ஃபெட் எனப்படும் டிரான்சிஸ்டர்களை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூட, பேட்டரியின் மின்னோட்டம் வளையவடிவ டிரான்ஸ்ஃபார்மர் வழியே உயர்த்தப்பட்டு, டயோடுகளால் சீராக்கப்பட்டு, கூட்டல் 30, கழித்தல் 30 வோல்ட் என்பதுபோல் இரு தளங்களாக வெளிவருகிறது. இரண்டாம் பாதி, அந்த உயர்ந்த மின்னழுத்தத்தைக் கொண்டு இசைக்குறிகையைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒலிப்பகுதி. இரண்டாம் பாதியில் நேரும் கேடு முதல் பாதியை எரிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கோ எரிந்ததே குற்றவாளியாகத் தெரியும்.

அமெரிக்காவில் 1980களின் இறுதியிலும் 1990களிலும் உருவான ஆம்ப்ளிஃபயர்களை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. அவற்றுள் ஓரியன் 225 எச்சிசிஏ போன்றவை, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 25 வாட் என்ற அடக்கமான அளவைத் தம்மேல் எழுதிக்கொண்டு, மிகக் குறைந்த மின்தடையில் அதைப்போலப் பலமடங்கு ஆற்றலைத் தரும்படி கட்டப்பட்டவை. அக்காலத்து ஒலிப்போட்டிகளில் அறிவிக்கப்பட்ட வாட் அளவைக்கொண்டே பிரிவுகள் வகுக்கப்பட்டன. அத்தகைய கருவி ஒன்று முப்பது ஆண்டுகள் கழித்துப் புதியவர் ஒருவரின் மேசைக்கு வரும்போது, அது வீட்டுக்காரின் டிக்கியில் மெல்லிசை பாடிக்கொண்டிருந்ததா, போட்டிக்களத்தில் தாங்கும் எல்லைவரை வதைக்கப்பட்டதா என்பதை அதன் மேல் எழுதியுள்ள எண் சொல்லாது. அந்தக் கடந்தகாலத்தை விற்றவரின் வாய்ச்சொல்லிலிருந்து அறிவதைவிடக் கருவியின் உடம்பிலிருந்தே அறிவது நல்லது. எனவே மின்சாரத்தைக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன் கண்ணாலும் மூக்காலும் சோதிப்பது, அனுபவமுள்ளவர்கள் ஒருபோதும் விட்டுவிடாத முதற்படி.

முதலில் ஃபியூஸ். மின்னோட்டம் மிகும்போது தான் உருகி வயரைத் தீயிலிருந்து காக்கும் அந்தச் சிறு கம்பி, 25 ஆம்பியர் என்று அச்சிடப்பட்ட இடத்தில் 40 ஆம்பியராக மாற்றப்பட்டிருந்தால், முன்னொருவர் அடிக்கடி எரிந்த ஃபியூஸைத் தொல்லையாக எண்ணினாரே தவிர எச்சரிக்கையாக எண்ணவில்லை என்பது விளங்கும். தேய்ந்த திருகுத்தலைகளும், கால்களைச் சுற்றிப் பழுப்பாகப் படிந்த ஃபிளக்ஸ் பிசினும், வரிசையில் ஒன்று மட்டும் வேறு எண்ணுடன் நிற்கும் டிரான்சிஸ்டரும் இதற்குமுன் பட்ட கையின் தடயங்கள். அடுத்து, சிக்னல் வயர் செருகும் சாக்கெட்டின் கால்களைப் பூதக்கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். நல்ல சால்டர் காலைச் சுற்றிப் பளபளப்பான சிறு கூம்பாக ஏறி நிற்கும். வண்டியின் அதிர்வையும் சூடேறித் தணியும் விரிவையும் சுருக்கத்தையும் பல ஆண்டுகள் தாங்கிய சால்டரிலோ காலைச் சுற்றி முடியளவுக்கு மெல்லிய கருவளையம் ஒன்று ஓடியிருக்கும். டெக்னீஷியன்கள் டிரை சால்டர் என்று சொல்லும் இந்த விரிசல் கண்ணுக்கு ஒட்டியிருப்பதுபோல் தோன்றினாலும், கையால் அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும்.

இதன் பின்னரே மல்டிமீட்டர். பேட்டரி இணைக்கும் இரு முனைகளுக்கிடையே மின்தடை பூஜ்யத்தை ஒட்டி வந்தால், பவர் சப்ளையில் உள்ள மாஸ்ஃபெட்டுகளில் குறைந்தது ஒன்றாவது ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவை பக்க இணைப்பில் இருப்பதால் ஒன்று கெட்டாலும் குழு முழுவதும் கெட்டதாகவே மீட்டர் காட்டும். இங்கேதான் பழுதுபார்ப்பவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. கருகிய மாஸ்ஃபெட்டுகளைக் கழற்றி, புதியவற்றைச் சால்டர் வைத்து, பேட்டரியை இணைத்துவிட வேண்டும் என்ற உந்துதல் இயல்பானது. ஆனால் ஒலிப்பகுதியில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, உயர்ந்த மின்னழுத்தத்தை நேரே தரைக்கு இழுத்துக்கொண்டிருந்தால், அந்தச் சுமையைத் தாங்க மாட்டாமல் எரிந்தவையே பழைய மாஸ்ஃபெட்டுகள். புதியவையும் ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே, கண்ணிமைக்கும் நேரத்தில் அதே வழியில் போய்விடும். எனவே முறையறிந்தவர், டயோடுகளைக் கழற்றி இரு பாதிகளையும் முதலில் பிரிக்கிறார். ஒலிப்பகுதியின் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் தனித்தனியே அளக்கிறார். மாஸ்ஃபெட்டுகளின் கேட் காலுக்குச் செல்லும் சிறு மின்தடைகள் கருகியோ அளவு மாறியோ உள்ளனவா என்று பார்க்கிறார். எல்லாம் முடிந்து மின்சாரம் கொடுக்கும்போதும், பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவே 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராக இணைக்கிறார். உள்ளே ஷார்ட் இன்னும் இருந்தால் அந்த சீரிஸ் பல்பு பளிச்சென்று எரிந்து, மின்னோட்டத்தை ஐந்து ஆம்பியருக்குள் கட்டிப்போடும்; செய்தி கிடைத்துவிடும், உறுப்புகள் பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பொறுமை எளிதாக வாய்க்காததற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. கருகியதைக் கழற்றி எறியும்போது குற்றம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்ட நிறைவு மனத்துக்குக் கிடைக்கிறது. சுமையைத் தேடிப் போகும்போதோ விடை கிடைக்கும்வரை அந்த நிறைவு தள்ளிப்போகிறது. அலுவலகம் ஒன்றில் ஒரே நாற்காலிக்கு வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நோயுற்றும் மனமுடைந்தும் விலகிச் செல்ல, ஒவ்வொரு முறையும் ‘இவர் தாங்கமாட்டார்’ என்ற தீர்ப்புடன் புதியவர் அமர்த்தப்படுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த நாற்காலியின் மேல் வந்து விழும் வேலை எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று அளந்து பார்ப்பவர் அரிது. உடைந்தவரின் பலவீனம் கண்ணுக்குத் தெரிகிறது. உடைத்த சுமையைக் காண இரு பாதிகளையும் பிரித்து வைத்து அளக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவை எடுக்காமல் புதியவரை அமர்த்துவது, தெரிந்தே செய்யும் தீங்குக்கு வெகு அருகில் நிற்கிறது.

ஆயினும் எல்லாப் பழுதுக்கும் பின்னால் ஒரு குற்றவாளி இருப்பதாக எண்ணுவதும் பிழையே. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் என்னும் மின்தேக்கி இதற்குச் சான்று. தனக்குள் இருக்கும் மின்பகுதிரவத்தால் மின்னூட்டத்தைத் தேக்கும் இந்த உறுப்பு, யார் தவறும் இன்றியே காலப்போக்கில் உலர்ந்துபோகும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு, வெயிலில் நிற்கும் காரின் டிக்கியோ வெப்பத்துக்குக் குறைவில்லாத இடம். 1980களின் இறுதியில் போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் வகையில் வந்த சிறு கெபாசிட்டர்கள் பல, உலர்வதற்கு மாறாகக் கசிந்தன. சால்டர் இரும்பு பட்டவுடன் மீன்வாடை எழுவதே அந்தக் கசிவின் அடையாளம். கசிந்த திரவம் அடியிலுள்ள செப்புத்தடத்தை அரித்துப் பச்சையாக்கிவிடும். அங்கே புதிய கெபாசிட்டரை வைப்பதற்கு முன், பளிச்சென்ற செம்பு தெரியும்வரை அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம்செய்ய வேண்டும். அதே வேளையில், பழையது என்ற ஒரே காரணத்துக்காகப் போர்டில் உள்ள அத்தனை உறுப்புகளையும் பிடுங்கி மாற்றுவது அக்கறையாகாது. முப்பது ஆண்டு நின்ற நல்ல உறுப்பை எடுத்துவிட்டு, சந்தையில் புழங்கும் போலி டிரான்சிஸ்டர் ஒன்றை அதன் இடத்தில் வைக்க நேர்வதும், பழைய போர்டின் செப்புத்தடம் சூட்டில் உரிந்துவருவதும் அந்த ஆர்வத்தின் விளைவாக அடிக்கடி நிகழ்பவை.

கருவி உயிர்பெற்ற பின்னும் வேலை மிச்சமிருக்கிறது. பாட்டு எதுவும் கொடுக்காத நிலையில், ஸ்பீக்கர் முனைகளில் நிற்கும் டிசி மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் ஏறினால் அது ஸ்பீக்கரின் காயிலை ஓசையின்றிச் சுட்டெரிக்கும். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவிலுள்ள மைக்காத் தகட்டின் மேல் காய்ந்துபோன வெள்ளைப் பசையைத் துடைத்துவிட்டுப் புதியது பூசப்பட வேண்டும். போர்டே கரியாகியிருந்தால் கதை வேறு: கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கருகிய பகுதியை வெட்டி நீக்க முடியாத அளவுக்குச் சேதம் பரவியிருக்கும்போது அங்கேயே நிறுத்திக்கொண்டு, மிஞ்சிய நல்ல உறுப்புகளை இன்னொரு கருவிக்குக் கொடுத்துவிடுவதே முறை.

கடைசியாக, பல பட்டறைகளில் செய்யப்படாத, ஆனால் கட்டாயம் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மாற்றிய உறுப்புகள் எவை, எந்தத் தேதியில், கண்ட காரணம் என்ன என்பதைச் சிறு தாளில் எழுதி, மூடியின் உட்புறம் ஒட்டிவிடுவது. மாஸ்ஃபெட்டுகளை மாற்றியபின் கருவி ஓடுகிறது, ஆனால் அவை எரிந்ததற்கான காரணம் தெரியவரவில்லை என்றால், அதையும் அந்தத் தாளில் அப்படியே எழுத வேண்டும். விற்கும்போது வாங்குபவரிடம் வாய்விட்டும் சொல்லி, விலையையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.