உதிரிகள் மாறினாலும் அதே எஞ்சின்தானா?

1923-இல் டான்காஸ்டர் பணிமனையில் உருவான ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ நீராவி எஞ்சின், நீண்ட சீரமைப்புக்குப் பின் 2016-இல் மீண்டும் தண்டவாளம் ஏறியது. கூட்டம் திரண்டு பார்த்தது. ஆனால் மக்கள் பார்த்தது 1923-இன் எஞ்சினைத்தானா? கொதிகலனைச் செப்பனிட, சட்டகத்தைச் செப்பனிடுவதைவிட அதிக நாள் பிடிக்கும். எஞ்சின் சும்மா நிற்கக் கூடாதென்று, தயாராக இருக்கும் வேறொரு கொதிகலனை ஏற்றி அனுப்பிவிடுவது அக்காலப் பணிமனை வழக்கம். இந்த எஞ்சினுக்கும் கொதிகலன் பலமுறை மாறியது, எண்ணும் மாறியது, 1947-இல் வகையே ஏ1-இலிருந்து ஏ3 ஆனது.

பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட, கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலைப் பற்றிப் பண்டைய எழுத்தாளர் புளூடார்க் பதிவுசெய்த அதே கேள்விதான் இது. பொருளே அடையாளம் என்றால் பழைய எஞ்சின் எப்போதோ போய்விட்டது.

‘டொர்னாடோ’ என்ற எஞ்சின் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. ஸ்காட்ஸ்மனின் ஏ1 அல்லாத, பெப்பர்கார்ன் வடிவமைத்த வேறொரு ஏ1 வகையின் 49 எஞ்சின்களும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. கடைசி எண் 60162. ஆர்வலர்கள் 2008-இல் புதிதாகக் கட்டி முடித்த டொர்னாடோவின் பக்கவாட்டில் எழுதியிருப்பது 60163. நகல் என்று சொல்ல அவர்களுக்கு மனமில்லை, ஐம்பதாவது என்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. வடிவமைப்பும், நெருப்பைப் பேணும் கைப்பழக்கமும் அறுபடாதவரை வகை தொடர்கிறது எனலாம். ஆனால் ஸ்காட்ஸ்மனுக்கு உள்ள கடந்த காலம் டொர்னாடோவுக்கு இல்லை. அதை எந்தப் பணிமனையும் வார்த்துத் தர முடியாது.